அடிக்க மறுத்த கை

ஞானபாய் தன் எதிரியின் தோளுக்கு இருபத்தொரு நாள் எண்ணெய் தேய்த்தாள். அந்த இருபத்தொரு நாளில் ஒரு நாள்கூட அவள் கோபமில்லாமல் அந்த வீட்டை நோக்கி நடந்ததில்லை.

கடையாலுமூட்டுக்குக் கிழக்கே, மலைச் சரிவு ஓடையில் வந்து முடியும் இடத்தில் செல்வதாஸின் ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. செல்வதாஸுக்கு மஸ்கட்டில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். தோட்டத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்ப்பவள் ஞானபாய். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுவாள். மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டை நிறைந்ததும் எடுத்து ஊற்றி உறைய வைப்பாள். தோட்டத்தின் நடுவே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கையாலை ஒன்று உண்டு. அதற்கு மேலே நிற்பவை கிழ மரங்கள். கீழே, ஓடைக்கரையில் நிற்கும் அறுபத்திரண்டும் அவளே குழியெடுத்து நட்டவை. பாலுக்கு வந்து நான்கு ஆண்டுகள்தாம் ஆகின்றன.

பால் வெட்டுவது வலிமையின் வேலை அன்று, அளவின் வேலை. கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும். பட்டைக்கும் உள்மரமான தடிக்கும் இடையே ஒரு நெல்மணி கனம் மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கனத்தைத் தாண்டிக் கத்தி தடியைத் தொட்டுவிட்டால் அங்கே மரம் முண்டு கட்டும். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளர எட்டு ஆண்டுகள் ஆகும். பிறகு கத்தி அதே இடத்துக்குத் திரும்பி வரும். அன்று அவசரத்தில் செய்த காயம் முண்டாக நின்று, எட்டு ஆண்டு கழித்துக் கத்தியின் வாயை மடக்கும். யார் செய்ததோ, அவரே சந்திக்க வேண்டும்.

இதே பாடத்தை ஞானபாய் இன்னோர் இடத்திலும் கற்றாள். முப்பதாம் வயதில், பால் பாத்திரத்தோடு சரிவில் உருண்டு விழுந்து தோள்பட்டை இறங்கியபோது, அடிமுறைக் களரி ஒன்றில் அவளுக்குச் சிகிச்சை நடந்தது. அடிமுறை என்பது அந்தப் பகுதியின் வெறுங்கைப் போர்; அதைப் பயிலும் இடம் களரி. எந்த இடத்தில் அடித்தால் மனிதன் விழுவான் என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். அதே இடத்தை எப்படித் தடவினால் எழுவான் என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். சிகிச்சையை மட்டும் கற்றுத் தாருங்கள் என்று அவள் கேட்டாள். அப்படிப் பாதி கொடுப்பதில்லை என்றார்கள். ஆகவே இரண்டையும் கற்றாள். அடியின் அளவை அங்கே மாத்திரை என்பார்கள்: கால், அரை, முக்கால், முழு. கால் மாத்திரைக்கு மனிதன் தடுமாறுவான். முழு மாத்திரைக்கு எழமாட்டான். நெல்மணிக் கனத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு இது விளங்க நேரமாகவில்லை. இப்போது, நாற்பத்தெட்டாம் வயதில், தன் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கூரை போட்டு, பதினான்கு பெண்களுக்கு அவளே களரி நடத்துகிறாள். முதலில் ஜெபம், பிறகு குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிடுதல், அதன்பிறகே அடி.

ஷாஜன் வந்தது மேல் தோட்டத்துக்கு. முறித்துச் சாய்க்கப்போகும் கிழ மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, முறிப்பதற்கு முன் கடைசிச் சொட்டுவரை பால் எடுப்பது அவன் தொழில். அதற்குக் கடும்வெட்டு என்று பெயர். மரத்தின் இரு பக்கமும் வெட்டுவார்கள். மேலும் கீழும் வெட்டுவார்கள். பால் நிற்காமல் ஒழுகப் பட்டையில் மருந்து தேய்ப்பார்கள். ஓய்வு நாள் கிடையாது. சாகப்போகும் மரம் என்பதால் ஞானபாய் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை கையாலையைத் தாண்டி அவனுடைய ஆட்கள் கீழே இறங்கியிருந்தார்கள். அறுபத்திரண்டு மரங்களிலும் மருந்து பூசியிருந்தது. சிரட்டை கொள்ளாமல் பால் வழிந்து, வெள்ளை வெள்ளையாக மண்ணில் கிடந்தது.

"கையாலைக்கு இப்புறம் உனக்கு என்ன சோலி ஷாஜன்?"

"எல்லாம் ஒரே தோட்டம்தானே அக்கா. சார்ட்டெ போன்ல சொல்லியாச்சு. கீழ நிக்குத மரத்துக்குப் பட்டை மரப்பு பிடிச்சிருக்கு. இதையும் முறிச்சுத்தான் ஆவணும்."

பட்டை மரப்பு என்பது நோய். அது வந்தால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். அந்த மரங்களில் ஒன்றுக்குக்கூட அது இல்லை.

"நாலு வருசமா நானாக்கும் வெட்டுதேன். எனக்குத் தெரியாத மரப்பு உனக்கு எங்கேருந்து தெரிஞ்சு?"

"நீங்க பாலு வெட்டுதவிய. நான் தோட்டம் எடுக்குதவன். மரத்துக்கு வேண்டி இப்பிடிக் கரைஞ்சு அழாதீங்க. மாப்பிளைக்கு வேண்டிக் கரைஞ்சா, அவராவது கொல்லத்து வேலைய விட்டுட்டு நாலு நாளு வீட்டுல நிப்பாரு."

ஆட்கள் சிரித்தார்கள். அவள் ஒரு மரத்தின் முன்னால் போய் நின்று, சிரட்டையைக் கழற்றக் கை நீட்டினாள். ஷாஜன் அவள் தோளில் கைவைத்துத் தள்ளினான்.

கால் மாத்திரை போதும் என்று அவள் நினைத்தாள். நினைத்தது உண்மை. ஆனால் சென்றது முக்கால் மாத்திரை. அறிவு சொன்ன அளவைக் கோபம் கூட்டிவிட்டது. ஷாஜனின் வலது கை, ஒடிந்த வாழையிலைபோலத் தோளிலிருந்து தொங்கியது.

மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, நரம்பு அதிர்ந்திருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். காவல் நிலையத்துக்கு அவன் போகவில்லை. ஒரு பெண் அடித்த ஒரே அடியில் கை தொங்கிவிட்டது என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஞானபாய் எண்ணெய்ப் பாத்திரத்தோடு புறப்பட்டாள். அவளுடைய கணவனின் தங்கை எலிசா, களரியில் அவளிடமே படிப்பவள், வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, அந்த நாறப்பயலுக்க கை தொங்கியே கெடக்கட்டும். தொங்குத கைய வச்சு அவன் எந்த மரத்தெ முறிப்பான்?"

"அவன் கைய வச்சா ஏட்டி முறிக்குதான்? நாக்க வச்சுல்லா முறிக்குதான்."

"அப்ப நாக்குல அடிச்சிருக்கணும்."

"வழிய விடு."

களரியின் சட்டம் எலிசாவுக்கும் தெரியும். அடித்த கையே அந்த அடியை எடுத்துக் குணமாக்க வேண்டும். எடுக்கும் நாள்வரை அடிபட்டவனின் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்கலாகாது; அவன் முகத்துக்கு முன்னால் கை ஓங்கலாகாது. கை தேறியபின், தேறிய அதே கையால் அவன் ஓர் அடி திருப்பித் தர வேண்டும். அதைத் தடுக்காமல் வாங்கிக்கொண்ட பிறகே அடித்தவர் மீண்டும் களரி மண்ணைத் தொடலாம். சிகிச்சை முடிந்தது என்று சிகிச்சை செய்தவர் சொல்ல முடியாது. அந்த அடிதான் சொல்லும். புதுப் பட்டை வளர்ந்து கத்தியைத் திரும்ப அழைப்பதுபோல, அடியும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஷாஜன் வீட்டில் கதவைத் திறந்தவள் அவனுடைய தாய் ராஜபாய். "எனக்க மவனுக்க கைய எறக்குனவளுக்கு நானே கட்டன் சாயா போடணும்னு எழுதியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். சாயா சூடாகத்தான் வந்தது.

சட்டத்தை அடிபட்டவனிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதும் சட்டம். ஞானபாய் ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஷாஜன் கண்ணை மூடிக் கேட்டான். கேட்டு முடித்ததும், அடிபட்ட நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான்.

"அப்ப, கை தேறுதது வரை என்னைப் பத்தி சார்ட்டெ நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் கட்டைவிரல் அவன் தோளின்மேல் அப்படியே நின்றது. தன் கையாலேயே தன் வாயைக் கட்டி அவனிடம் கொடுத்துவிட்டதை அவள் அந்தக் கணத்தில்தான் உணர்ந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரே வரிசையில் நடந்தது. வாசலில் நின்று ஏழு மூச்சு விடுவாள். கட்டைவிரலில் கோபம் இருந்தால் நரம்பு சுருங்கிக்கொள்ளும். ஆகவே கோபத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைப்பாள். தோளிலிருந்து முழங்கை வரை, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, மேலிருந்து கீழாக மட்டும் தடவுவாள். பிறகு நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கோபத்தையும் மாட்டிக்கொள்வாள். அது ஒரு நாளும் இறுகவில்லை. ஒரு நாளும் தளரவுமில்லை.

நொச்சி ஓடைக்கரையில்தான் இருந்தது. இலை பறிக்கக் கீழ்த் தோட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தான் நட்ட மரங்கள் நான்கு வாயால் பால் கக்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனாள். நுனிக் கொழுந்தைக் கிள்ளாமல், ஒரு கிளைக்கு மூன்று இலை என்று பறித்தாள். ஒன்பதாம் நாள் போனபோது கரை முழுவதும் கருகிக் கிடந்தது. நடக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று ஷாஜனின் ஆட்கள் களைக்கொல்லி அடித்திருந்தார்கள்.

"உனக்க கைக்கு உள்ள மருந்த உனக்க ஆளுவளே கரிச்சுப் போட்டானுவ" என்றாள் அவனிடம்.

"வேற எடத்துல இல்லாமலா போவும்? தேடுங்க அக்கா. கை உங்க பொறுப்புல்லா."

அன்று முதல் இரண்டு மைல் அப்பால் இன்னோர் ஓடைக்கு நடந்தாள். பதினான்காம் நாள், இலையோடு திரும்பும் வழியில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"ஞானபாய், எலிசா ஒண்ணு சொல்லுதா, ஷாஜன் வேறொண்ணு சொல்லுதான். எனக்கு உன் வார்த்தைதான் கணக்கு. கீழ நிக்குத மரத்துக்கு மரப்பு உண்டா, இல்லியா?"

இல்லை என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஓடைநீர் அவள் கணுக்காலைச் சுற்றி ஓடியது.

"சார், இப்ப நான் பேச முடியாது."

"பேச முடியாதுன்னா?"

"முடியாது சார். கொஞ்ச நாளு பொறுங்க."

"அப்ப அவன் சொன்னது சரிதான் போல" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

இதைக் கேட்டபோது எலிசா வாயில் வந்ததை எல்லாம் சொன்னாள். "சட்டம் பிடிக்கியளே மைனி, அந்த மரம் உங்க சட்டத்தெ படிச்சிருக்கா?"

"படிச்சிருக்கு" என்றாள் ஞானபாய். "எனக்குப் படிப்பிச்சுத் தந்ததே அதாக்கும்." ஆனால் சொன்ன குரலில் அமைதி இல்லை. அன்றைய தினம் அரைத்த தேங்காயை இரண்டாம் முறையும் அரைத்தாள்.

பதினெட்டாம் நாள் ஷாஜனின் விரல்கள் மடங்கின. இருபத்தொன்றாம் நாள் கை தலைக்குமேல் உயர்ந்தது. ஞானபாய் எண்ணெய்ப் பாத்திரத்தை மூடினாள்; முற்றத்தில் இறங்கி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றாள்.

"அடி."

ஷாஜன் படியில் உட்கார்ந்து, வலது கையாலேயே சாயா டம்ளரை எடுத்துக் குடித்தான். "அக்காவெ அடிக்க எனக்கு மனசு வரல்லே."

"அடிச்சுத் தொலை லே, அவ பாட்டுக்குப் போவட்டும்" என்றாள் ராஜபாய் உள்ளிருந்து.

"அம்மா, நீ சும்மா கெட. அக்கா எனக்க டாக்டருல்லா." அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் ஒரு மாசம், அக்கா. இப்பிடியே வெட்டினா அதுக்குள்ள மரப்பு தானே வந்துரும். சார் லீவுக்கு வந்து பாத்தா, நான் சொன்னது சரியா இருக்கும். அதுக்குப் பொறவு வாங்க. ஒண்ணில்லே, ரெண்டா தாறேன்."

பொய் சொன்னவன், அந்தப் பொய்யை மரத்துக்குள் ஏற்றி உண்மையாக்கிக்கொண்டிருந்தான். அதற்கு அவனுக்கு நாட்கள் மட்டும் தேவைப்பட்டன. அந்த நாட்களை அவளுடைய சட்டமே அவனுக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நான்கு நாளும் ஞானபாய் களரிக்குள் போகவில்லை. மாலையில் ஓலைக் கூரைக்கு வெளியே நின்று, உள்ளே எலிசா மற்றவர்களை நடத்துவதைப் பார்த்தாள். ஒருத்தியின் பின்னங்கால் தவறாக ஊன்றியிருந்தது. திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். மண்ணைத் தொடாதவளுக்குத் திருத்தும் உரிமை இல்லை. நகத்தால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு நின்றாள்.

கீழ்த் தோட்டத்தில் பதினான்கு மரங்கள் காய்ந்துவிட்டன. மிச்சம் நாற்பத்தெட்டு, இப்போது நிறுத்தினால் பிழைக்கும்.

பால் வராத மரத்தை என்ன செய்வோம் என்று அவள் யோசித்தாள். ஆழமாக வெட்டமாட்டோம், ஆழத்தில் இருப்பது தடிதான். கோணத்தை மாற்றிப் பார்ப்போம். பால் ஓடும் குழல்கள் பட்டைக்குள் சாய்வாக ஏறுகின்றன. அந்தச் சாய்வை அறிந்து குறுக்கே போகும் கத்திக்குத்தான் பால் வரும். சட்டத்தை ஒவ்வொரு சொல்லாக மனத்துக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் வாய் திறக்கலாகாது. முகத்துக்கு முன்னால் கை ஓங்கலாகாது. முகத்துக்கு முன்னால் வாய் திறக்கலாகாது என்று அதில் எங்கும் இல்லை.

மறுநாள் காலை, ஷாஜன் ஆட்களோடு கீழ்த் தோட்டத்தில் நின்றபோது, ஞானபாய் தன் வெட்டுக்கத்தியோடு கையாலையைத் தாண்டி இறங்கினாள். காய்ந்துபோன ஒரு மரத்தின் முன்னால் நின்றாள். கத்தியைத் திருப்பி, கைப்பிடியை அவனை நோக்கி நீட்டினாள்.

"உனக்க கை தேறிச்சா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அடிக்க மனசில்லேன்னா வேண்டாம். இதுல ஒரு வெட்டு வெட்டிக் காட்டு. நெல்லு கனம் போதும். இது காஞ்ச மரம். இனி இதுக்கு வலிக்காது."

"இதென்ன பெரிய சோலியா?" ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் ஷாஜன் கத்தியை வாங்கினான். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோட்டம் எடுக்கும் அவன், அதுவரை ஒரு மரத்தைக்கூடத் தன் கையால் வெட்டியதில்லை. கத்தி முதலில் வழுக்கியது, பிறகு துள்ளியது, பிறகு பட்டையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியது. எலும்புபோலத் தடி வெளுத்துத் தெரிந்தது.

ஆட்களில் ஜினோ என்பவன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "மொதலாளி, தடியெ தொட்டாச்சு. ஆட்டுக்குத் தழை வெட்டுதவன்கூட இதவிட நல்லா வெட்டுவான்."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஷாஜனின் காது சிவந்தது.

"கையில ஒரு குறையுமில்லே" என்றாள் ஞானபாய். இத்தனை நாளும் வாசலில் கழற்றி வைத்ததை அவள் இப்போது கழற்றவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "பெலனா இருக்கு. வெட்டத்தான் தெரியாது. மரப்பு என்னன்னும் தெரியாது. தோட்டம் எடுக்குதவன்னு சொல்லிட்டு நடந்தியே, நீ எடுத்தது தோட்டமில்லே, இவனுவளுக்க கைய. உனக்குன்னு உண்டாயிருந்தது உனக்க கை ஒண்ணுதான். அதையும் நான் எடுத்துத் தந்ததாக்கும்."

ஷாஜன் கத்தியை வீசி எறிந்தான். அவன் வலது தோள் பின்னால் போவதை அவள் கண்டாள். பதினெட்டு ஆண்டுகள் பழகிய அவளுடைய இடது கை, கேட்காமலே தடுக்க எழுந்தது. தன் வாழ்நாளில் அவள் செய்த கடினமான தடுப்பு அதுதான்: அந்தக் கையைத் தொடையோடு சேர்த்து அழுத்தி வைத்தது.

அடி செவிட்டில் விழுந்தது. ஓடையின் அக்கரையிலிருந்து ஒரு கொக்கு எழுந்து பறந்தது. வாய்க்குள் இரும்பின் சுவை ஊறியது. சிரிப்பு நின்றுபோயிற்று.

ஞானபாய் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. இரத்தத்தைத் துப்பினாள்.

"தோள் முழுசா திறந்துச்சு. முட்டு நீண்டுச்சு. கடைசியில மணிக்கட்டும் திரும்புச்சு. தேறியாச்சு."

ஷாஜன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அதில் என்ன நடந்தது என்பது அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "அக்கா, இது அந்தச் சட்டத்து அடியில்லே. நான் திருப்பி அடிக்கல்லே. கோவத்துல அடிச்சதாக்கும்."

"நானும் கோவத்துலதான் அடிச்சேன்."

அவள் குனிந்தாள். பால் கறை படிந்த அந்த மண்ணை, களரியில் தொடுவதுபோலவே வலது கையால் தொட்டாள். தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நிமிர்ந்தபோது கோபம் சற்றும் குறைந்திருக்கவில்லை. இப்போது அதற்கு வாய் இருந்தது.

இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து, முகம் தெரியும்படி மஸ்கட்டை அழைத்தாள். வீங்கத் தொடங்கிய கன்னத்தைப் பார்த்துச் செல்வதாஸ் பதறினார். "ஞானபாய், முகத்துல என்ன?"

"அது பொறவு சொல்லுதேன் சார். அன்னைக்குக் கேட்டியளே, அதுக்கு இப்பப் பதில் சொல்லலாம்."

"அக்கா, ஒரு நிமிசம், நான் சார்ட்டெ பேசுதேன்" என்று ஷாஜன் முன்னால் வந்தான். அவன் தேறிய கை நீண்டது. ஜினோ, ஏனென்று அவனுக்கே தெரியாமல், இடையில் வந்து நின்றான்.

ஞானபாய் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஓடைக்கரையின் முதல் மரத்தை நோக்கி நடந்தாள். நான்கு வெட்டுகளிலிருந்தும் பால் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மொத மரம் சார். மரப்பு பிடிச்ச மரத்துல பாலு வராது. இது எப்பிடி ஒழுகுதுன்னு நல்லாப் பாருங்க."